மேடை நடுக்கம்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிறர் முன்னிலையில் பாடவோ வாசிக்கவோ போகிறவருக்குப் பாட்டு தொடங்குமுன் உண்டாகும் வாய் உலர்வு, கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, திடீர்க் கழிப்பறை நினைவு ஆகிய நான்கும் சேர்ந்த நிலையே மேடை நடுக்கம் எனப்படும். இது குளியலறையில் காணப்படுவதில்லை. சமையலறையில் அரிது. கூடத்தில் வீட்டார் மட்டும் இருக்கும்போது லேசாகவும், விருந்தாளி ஒருவர் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததும் முழுமையாகவும் வெளிப்படும். எல்லா இடத்திலும் பாடப்படும் பாட்டு ஒன்றே. ஆகவே நோய்க்குக் காரணம் பாட்டில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

இவ்வாய்வின் நில எல்லை வடக்கே அழகர்மலை, தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே சோழவந்தான், கிழக்கே திருப்புவனம். பொருள் எல்லை இசை மட்டுமே. மேடைப் பேச்சு விலக்கப்பட்டுள்ளது. மதுரையில் பேச அழைக்கப்பட்டவர் நடுங்கியதைவிட, அவரிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்க வேண்டியிருந்த விழாக் குழுவினர் நடுங்கியதே அதிகம் என்பதால், அது தனி ஆய்வுக்குரியது.

இத்துறையின் மிகப் பழைய நோய்க்குறிப்பு இந்த எல்லைக்குள்ளேயே கிடைக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 41ஆவதாக வருவது விறகு விற்ற படலம். இறைவனின் கருணைக்குச் சான்றாகவே அது காலங்காலமாகப் படிக்கப்பட்டு வருகிறது. நடுக்கவியல் நோக்கில் படித்தால் அதில் கருணையை விடக் கணக்கே அதிகம் தென்படும்.

வரகுண பாண்டியனின் அவைக்கு வடநாட்டிலிருந்து ஏமநாதன் என்னும் இசைவாணன் வருகிறான். பாடி அரசனை மயக்குகிறான். அரசன் தன் பாணரான பாணபத்திரரை அழைத்து, மறுநாள் இவனோடு பாட வேண்டும் என்கிறான். இங்கே ‘மறுநாள்’ என்பதை ஆய்வாளர்கள் அடிக்கோடிட வேண்டும். அப்போதே, அங்கேயே பாடச் சொல்லியிருந்தால் பாணபத்திரர் யாழை எடுத்திருப்பார், பாடியிருப்பார், கதை முடிந்திருக்கும். இடையில் ஓர் இரவைக் கொடுத்ததே நோய்க்கு வித்து. வீடு திரும்பும் வழியில் ஏமநாதனின் சீடர்கள் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டிருப்பது அவர் காதில் விழுகிறது. சீடர்களே இப்படியென்றால் ஆசான் எப்படி என்று நெஞ்சு தளர்ந்து சொக்கநாதர் சன்னிதிக்குப் போய் முறையிடுகிறார்.

இறைவன் வயதான விறகுவெட்டியாக வந்து, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாதாரிப் பண்ணைப் பாடுகிறார். யார் நீ என்று ஏமநாதன் கேட்க, பாணபத்திரரிடம் படிக்கப் போய், வயதாகிவிட்டது, உனக்கு வராது என்று தள்ளப்பட்டவன் என்று விடை வருகிறது. தள்ளப்பட்டவனே இப்படியென்றால் தள்ளியவர் எப்படி? ஏமநாதன் விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இரவோடு இரவாக ஊரைவிட்டே ஓடிவிட்டான்.

ஒரே ஊரில், ஒரே நாளில், நோயாளிகள் இருவர். இருவருக்கும் நடுக்கம் வந்த வழியும் ஒன்றே: சீடனை வைத்து ஆசானைக் கணக்கிடும் வழி. போட்டியில் இருவரும் நேருக்கு நேர் ஒரு வரிகூடப் பாடவில்லை. பாணபத்திரருக்கு வந்த நோயை இறைவன் குணப்படுத்தினார் என்பது பக்தர்களின் முடிவு. உண்மையில் அவர் அதை எடுத்து எதிராளிக்குக் கொடுத்தார் என்பதே நடுக்கவியலின் முடிவு. மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. இசை தெரியாத ஒருவன் அன்று அந்தத் திண்ணையில் படுத்திருந்தால், பெரியவர் நல்லாப் பாடுறாரே என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பான். சாதாரி எந்த இடத்தில் எவ்வளவு கடினம் என்று தெரிந்தவனுக்குத்தான் கால் ஓடும். நடுக்கம் ஞானத்தோடு கூடி வளரும் நோய் என்பதற்கு ஏமநாதனை விஞ்சிய சான்று வேண்டியதில்லை. மதுரையில் மேடைக்குப் பயந்து ஓடியவர் ஊரிலேயே சிறந்த பாடகர். பயமின்றி மேடை ஏறுகிறவர்களைப் பற்றி இதிலிருந்து வாசகர் எதையும் ஊகிக்க வேண்டாம்.

1965இல் ஏ. பி. நாகராஜன் இக்கதையைத் திருவிளையாடல் படத்தில் எடுத்தபோது ஒரு முரண் சேர்ந்துகொண்டது. நடுங்கும் பாணபத்திரராக நடித்தவர் டி. ஆர். மகாலிங்கம். சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்து, சிறு வயதிலேயே நாடக மேடை ஏறி, எட்டாத உச்சத்தையும் எட்டிப் பாடிப் பேர் வாங்கியவர். ஏமநாதனாக வந்த டி. எஸ். பாலையாவுக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. அவரைப் பாடியே ஓட்ட வேண்டிய சிவாஜிக்குக் குரல், மதுரையிலேயே பிறந்து வளர்ந்த டி. எம். சௌந்தரராஜனுடையது. ஆக அந்தப் படத்தில் நடுங்கத் தெரிந்தவர்கள் ஒருவருமில்லை, எல்லாம் நடிப்பு. பிற்காலத்து மதுரை ரசிகர்கள் நோய்க்குறிகளைப் பாலையாவின் முகத்திலிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

44ஆவது படலமான இசைவாது வென்ற படலத்தில் பாணபத்திரரின் மனைவி, ஈழத்திலிருந்து வந்த பாடினியோடு போட்டியிடுகிறார். அவையில் அரசனே எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்து நிற்கிறான். கணவருக்குக் கிடைத்த சலுகை இவருக்குக் கிடைக்கவில்லை; எதிராளியை இரவில் யாரும் ஊரைவிட்டு ஓட்டிக் கொடுக்கவில்லை. அவர் நேரில் நின்று பாடி வென்றார். இந்த வேறுபாட்டை உரையாசிரியர்கள் பெரிதுபடுத்துவதில்லை. இடையில் வரும் பலகையிட்ட படலத்தில் பாணபத்திரரும் தேறிவிட்டதாகத் தெரிகிறது. நள்ளிரவில், கொட்டும் மழையில், கேட்பாரற்ற கோயிலில் அவர் பாட, ஈரத்தில் நிற்க வேண்டாம் என்று பலகை வந்து சேர்கிறது. எதிரே நாற்காலி இல்லாத இடத்தில் நடுக்கமும் இல்லை என்ற முதல் பத்தியின் கருத்துக்கு இது வலுச் சேர்க்கும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை புகாரைச் சேர்ந்ததாயினும் மேடை அமைப்புப் பற்றி அதைப் போல் விரிவாகப் பேசும் நூல் இல்லை. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண் நிழல் விழாதபடி விளக்கு. திரைச்சீலையில் மட்டும் மூன்று வகை. பன்னிரண்டு வயது மாதவி வலக்கால் முன் வைத்து இந்த அரங்கில் ஏறுகிறாள். ஏழாண்டுப் பயிற்சி அவள் பின்னால் இருக்கிறது. இவ்வளவு அளவுகளையும் தந்த இளங்கோவடிகள் அவள் நாடித்துடிப்பைத் தரவில்லை. ஆனால் ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒரு படையே அவளைச் சூழ நின்றதைச் சொல்கிறார். முதல் தடவை மேடையேறும் சிறுமிக்கு ஆறு பெரியவர்கள் தேவைப்பட்டார்கள் என்பதிலிருந்து மீதியை ஊகித்துக்கொள்ளலாம். வலக்கால் வழக்கம் இன்றும் மாறவில்லை. மைக்செட் வயரில் தடுக்கி விழுந்தாலும் வலக்காலே முதலில் தடுக்கும்.

இனி நோயின் உடற்கூறு. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் அச்சத்தின் வழிமுறையை விளக்கினார். ஆபத்தைக் கண்டால் அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; ரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது; எச்சில் வற்றுகிறது. சண்டையிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. புலியைக் கண்டவனுக்கு இந்த ஏற்பாடு மிகப் பொருத்தம். ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பைரவி பாட வேண்டியவருக்கு இரண்டில் எதற்கும் வழியில்லை. ஓடிய ஏமநாதன் உடலின் ஆணையை அப்படியே நிறைவேற்றியவன். மற்றவர்கள் உட்கார்ந்தே ஓட வேண்டியிருக்கிறது. காலப்பிரமாணம் ஓடுவது இதனால்தான். மெதுவாக ஒத்திகை பார்த்த கீர்த்தனை மேடையில் ரயிலைப் பிடிக்கப் போகிறது. குரல்வளைத் தசைகள் இறுகுவதால் சுருதி கூடுகிறது. மூச்சு மேலோட்டமாவதால் சொல் நடுவில் அறுகிறது.

கருவிக்கேற்ப நோய் இடம் மாறும். பாடுபவருக்குத் தொண்டை, வயலின்காரருக்கு வில் பிடித்த கை. வில் நடுங்கினால் நீண்ட சுரமெல்லாம் கேட்காமலே கமகம் ஆகிவிடும். கர்நாடக இசையில் இதற்கு ஒரு வசதி உண்டு: பாதிப் பேர் அதைப் பாணி என்று எடுத்துக்கொள்வார்கள். வீணைக்கு விரல் வியர்வை பகை. நாகஸ்வரத்துக்கு எச்சில் வற்றுவதுதான் பேராபத்து, சீவாளி நனையாமல் பேசாது. ஆனாலும் நாகஸ்வரக் கலைஞர்களிடம் நோய் குறைவாகக் காணப்படுவதாகப் பரவலான கருத்து இருக்கிறது. கல்யாணத்தில் அவர்களை யாரும் கேட்பதில்லை என்பதே காரணமாகலாம். நல்ல இடம் பார்த்து ஒரு தோடியைத் தொடங்கினால், கெட்டிமேளம் என்று ஒருவர் விரலை ஆட்டி நிறுத்துகிறார். மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு 1968இல் தில்லானா மோகனாம்பாள் வழியாகத் தமிழ்நாடு முழுதும் கேட்டபோது, நாகஸ்வரத்தை உட்கார்ந்து கேட்கலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்கும்.

கூட்டம் என்பது கலைஞரை என்ன செய்கிறது என்பதை அறிவியல் கரப்பான்பூச்சிகளிடம் கேட்டறிந்தது. உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1969இல் கரப்பான்களை நேர்ப்பாதையிலும் சிக்கல் பாதையிலும் ஓட விட்டார்கள். ஓரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வேறு கரப்பான்களைப் பார்வையாளர்களாக அமர்த்தினார்கள். பார்வையாளர் இருந்தபோது நேர்ப்பாதையில் கரப்பான் இன்னும் வேகமாக ஓடியது. சிக்கல் பாதையில் தடுமாறித் தாமதித்தது. கைவந்த எளிய வேலையைக் கூட்டம் மெருகேற்றும், கைவராத கடினமான வேலையைக் கெடுக்கும் என்பது பெறப்பட்ட முடிவு. இதற்கு முன்பே, 1908இல், யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் எலிகளை வைத்து, பதற்றம் ஓரளவு வரை உதவும், அதற்கு மேல் கெடுக்கும் என்று காட்டியிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது தன்னைத்தானே சுற்றிச் சுற்றி ஆடும் ஒருவகை எலி என்பது இவ்வாய்வுக்கு எதிர்பாராத பொருத்தம்.

கரப்பான் விதியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அவர் உருவாக்கி நிலைபெறச் செய்த கச்சேரி வரிசை அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுகிறது. முதலில் வர்ணம்: ஆயிரம் தடவை பாடித் தேய்ந்த நேர்ப்பாதை. பிறகு சிறு கீர்த்தனைகள். உடல் அடங்கிய பிறகே விரிவான ராகமும் பல்லவியும் ஆகிய சிக்கல் பாதை. வர்ணத்தைத் தவிர்த்துவிட்டு நேரே பெரிய ராகத்தில் இறங்கும் துணிச்சல்காரர்கள் அவ்வப்போது தோன்றுகிறார்கள். அவர்களைப் பார்க்கக் கண்ணாடிக்குப் பின்னால் கூட்டம் உண்டு.

நோயின் பரவலை இடவாரியாகப் பார்க்கும்போது முதலிடம் பெறுவது சபாவோ கோயிலோ அன்று, நவராத்திரிக் கொலு. எஸ். எஸ். காலனியிலும் சிம்மக்கல் பக்கத்து வீடுகளிலும் ஒன்பது நாளும் மாலையில் இக்காட்சியைக் காணலாம். வந்த பெண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பொம்மைகளைப் பாராட்டி முடித்ததும் ஒரு வெற்றிடம் ஏற்படுகிறது. அதை நிரப்ப, "பாப்பா, ஒரு பாட்டுப் பாடேம்மா" என்று ஒரு குரல் எழும். பாப்பா அம்மாவின் முதுகுக்குப் பின் மறைவாள். "பாட்டு கிளாசுக்கு மூணு வருசமாப் போறால்ல" என்று இன்னொரு குரல் சான்று கூறும். பாப்பா தொண்டை கட்டியிருப்பதாகத் தெரிவிப்பாள். இம்மறுப்பு மூன்று சுற்று நடக்க வேண்டும் என்பது மரபு. முதல் சுற்றிலேயே பாடினால் தலைக்கனம், நான்காவதுக்குப் போனால் வளர்ப்புச் சரியில்லை. மூன்றாவது சுற்று முடிவதற்குள் சுண்டல் வந்துவிட்டால் தப்பலாம். பல குழந்தைகள் சமையலறையைப் பார்த்துக்கொண்டே மறுப்பது அதனால்தான்.

கொலுவின் கொடுமை கூட்டத்தின் அளவில் இல்லை. மிஞ்சினால் பத்துப் பேர். அந்தப் பத்தில் அத்தை ஒருவர் இருப்பார். அவர் இளமையில் இசை படித்தவர், கல்யாணத்தோடு விட்டவர். பாட்டு நடக்கும்போது பேசமாட்டார், தலையாட்டமாட்டார். தொடையில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பார். ஓர் இடத்தில் தாளம் நிற்கும். இந்த நிறுத்தம் பாடும் பிள்ளையின் உடலில் உண்டாக்கும் விளைவையே நடுக்கவியலின் அடிப்படை அலகாகக் கொண்டு, ‘ஓர் அத்தை’ என்று வழங்கலாம். மதுரையில் உண்மையான அத்தைகள் போக, கற்பனை அத்தைகளும் உண்டு. அரங்கின் நான்காம் வரிசையில் கண்ணாடி போட்ட முதியவர் ஒருவர் நெற்றியைச் சுருக்கினால், பாடுகிறவர் அவரை அத்தையாக நியமித்துவிடுகிறார். அவர் சுருக்கியது பல்வலிக்காக என்பது கச்சேரி முடிந்த பிறகே தெரியவரும்.

பெண் பார்க்கும் நிகழ்ச்சியில் பாடும் வழக்கம் தேய்ந்துவிட்டதால் அதற்குரிய அளவீடுகள் இனிக் கிடைப்பது கடினம். கிடைத்தவரை, அங்கே நடுங்கியது பெரும்பாலும் மாப்பிள்ளை.

சத்குரு சங்கீத சமாஜம் போன்ற அமைப்புகளின் கச்சேரிகள் நடக்கும் லட்சுமி சுந்தரம் ஹாலில் நோய் முறைப்படி வரும்: திரை, விளக்கு, அறிமுகம், பிறகு நடுக்கம். அறிமுகவுரை நீள நீள நோய் முற்றும். உள்ளூர் வழக்கப்படி அது நீளும். மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதி மேடையில் நிலைமை எதிர்மாறு. கேட்பவர்கள் தரிசனம் முடித்துப் பிரசாதப் பையோடு போகிறவர்கள். பாதிப் பல்லவிக்கு நிற்பார்கள், பிள்ளை அழுதால் நகர்வார்கள். அத்தை நிலையாக ஓரிடத்தில் உட்காராத இடம் என்பதால் நடுக்கம் அங்கே வேர்பிடிப்பதில்லை. வடக்கு ஆடி வீதியின் இசைத்தூண்களை வந்தவர் போனவர் எல்லாம் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். யார் முன்னிலையிலும் சுருதி மாறாதவை இவ்வட்டாரத்தில் அவை மட்டுமே, அவை கருங்கல்.

நகரை விட்டு வெளியே வந்தால் பங்குனி, சித்திரையில் ஊர்ப் பொங்கல் மேடைகள். குழாய் ஸ்பீக்கர் புளியமரத்தில் கட்டியிருக்கும். அடுத்த ஊருக்கும் கேட்கும். நடுங்க எல்லா நியாயமும் இருந்தும் இங்கே நோய் தலைகாட்டாததற்குக் காரணம் அன்பளிப்பு அறிவிப்பு. பாடகர் சரணத்தில் நுழையும்போது ஒருவர் ரூபாய் நோட்டை நீட்டுவார். பாட்டு நிற்கும், கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், தொழில், கட்சி ஆகியவை வாசிக்கப்படும், பாட்டு விட்ட இடத்திலிருந்தோ விடாத இடத்திலிருந்தோ தொடரும். தொடர்ச்சியாகப் பத்து வரி பாடக் கிடைத்தால்தானே நடுங்குவதற்கு.

நடுக்கத்தின் முழு எதிர்நிலை ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் புகட்டினார். அவர் எழுதிய வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் இன்று நடிக்கும் கலைஞர்களுக்கு நிலையான குழு கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும், முருகன் வேறோர் ஊரிலிருந்தும், நாரதர் கடைசிப் பஸ்ஸிலும் வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லை. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்ததும் பபூன் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்க, இரவு முழுதும் பாட்டும் தர்க்கமும் விடியும்வரை ஓடும். எதிரே நிற்பவர் என்ன பாடப்போகிறார், எந்தக் கேள்வியால் மடக்கப்போகிறார் என்று தெரியாத இந்த நிலையில், சபாக்காரர் ஒருவரை நிறுத்தினால் அவர் ஏமநாதன் போன திசையில் போவார். நாடகக்காரருக்கோ அஞ்சுவதற்கு அவகாசமே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவர் அரிதாரம் பூசுவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அவகாசம் என்பதே நோயின் உணவு என்பதற்கு முடிவான சான்றை எம். எஸ். சுப்புலட்சுமி தந்துள்ளார். 1916இல் மதுரையில் பிறந்த அவர், தம் முதல் மேடையைப் பற்றிப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாயார் சண்முகவடிவு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சேதுபதி பள்ளியில் வீணைக் கச்சேரி செய்துகொண்டிருந்தார். சிறுமி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். யாரோ வந்து தூக்கி, கையிலும் பாவாடையிலும் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு மேடைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பாடச் சொன்னார், பாடினாள். கைதட்டினார்கள். அவள் நினைப்பெல்லாம் விட்டுவந்த மண்ணிலேயே இருந்தது. (பாரதி 1904இல் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பள்ளியும் இதுவே, அச்சமில்லாமைக்கு இப்பள்ளியில் பாடத்திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.) பாணபத்திரருக்கு ஓர் இரவு முழுதும் கிடைத்தது, இந்தச் சிறுமிக்குக் கிடைத்தது பாவாடையைத் தட்டும் நேரம்.

மேற்கண்டவற்றிலிருந்து மதுரை விதியை இவ்வாறு வகுக்கலாம்: நடுக்கம், காத்திருக்கும் நேரத்தை அத்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, குறுக்கீடுகளால் வகுத்தால் வருவதற்குச் சமம். கூட்டத்தின் அளவுக்கு இவ்விதியில் இடமில்லை. ஆயிரம் பேர் கூடும் ஊர்ப் பொங்கலில் வராதது பத்துப் பேர் உட்காரும் கொலுவில் வருவது இதனால் விளங்கும்.

நோய் நீக்கும் முறைகளில் உள்ளூர் வைத்தியம் தொண்டையையே குறிவைக்கிறது. அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு போட்ட பால் என்று பட்டியல் நீளும். மதுரைக்கே உரிய பருத்திப்பாலைக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துச் சூடாகக் குடிப்பதற்கு ஆதரவாளர்கள் உண்டு. ஜிகர்தண்டாவுக்குக் கச்சேரி முடியும்வரை தடை. இவற்றால் தொண்டைக்கு இதம் கிடைக்கும். நடுக்கம் தொண்டையில் பிறப்பதில்லை என்பதால் அது அப்படியே இருக்கும். பிளாஸ்கின் உண்மையான பயன் உள்ளிருக்கும் பாலில் இல்லை, மூடியில் இருக்கிறது. திருகித் திறந்து, ஊற்றி, ஊதி, குடித்து, மூடி வைப்பதற்குள் மறந்துபோன சரணம் நினைவுக்கு வந்துவிடும். சுருதி சேர்ப்பதும் மிருதங்கத்தைக் கல்லால் தட்டுவதும் இப்படிக் கண்ணியமாக நேரம் வாங்கும் வழிகள். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்து தம்பூராவை ஓரங்கட்டியதில் இந்த வசதி பாதி போய்விட்டது. பெட்டி பொத்தானை அழுத்தியதும் சேர்ந்துவிடுகிறது.

கண்ணை மூடிப் பாடுவது பழைய முறை. பக்தி என்று பெயர் கிடைப்பது கூடுதல் லாபம். மூட முடியாதவர்கள் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பாடலாம். கடிகாரம் தாளம் போட்டாலும் நடுவில் நிறுத்தாது.

மேனாட்டார் மருந்திலும் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா தடுப்பி வகை மாத்திரைகள் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வால் 1960களில் வந்தன. அவருக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகையைச் சேர்ந்த ஆக்ஸ்பிரனலாலை நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977இல் லான்செட் இதழில் வந்தது. வில் பிடித்த கை நடுக்கம் குறைந்தது. எனினும் மாத்திரை கையைத்தான் அடக்கும், அத்தையை அடக்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாத மருந்து அது.

மருந்தில்லாத முறை ஒன்றை அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் சோதித்தார். அந்நியர் முன் பாடப் போகிறவர்களில் சிலரைப் பதற்றமாக இருக்கிறது என்றும், சிலரை உற்சாகமாக இருக்கிறது என்றும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். உற்சாகம் என்றவர்கள் சுருதி தாளத்தோடு மேலும் நன்றாகப் பாடினார்கள். உடல் தரும் படபடப்பு இரண்டுக்கும் ஒன்றே. பெயர்தான் வேறு என்பது இதன் அடிப்படை. மதுரையில் இம்முறைக்கு ஒரு சிக்கல் உண்டு. மேடையேறும் முன் "எனக்கு ரொம்ப உற்சாகமா இருக்கு" என்று சொல்லும் பாடகரைப் பக்கவாத்தியக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பலன் தருவதாக எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்வது மூச்சு. உள்ளிழுப்பதை விட வெளிவிடுவது நீண்டால் இதயம் தணியும். விடியற்காலையில் ஆதார ஷட்ஜத்தை மூச்சு தாங்கும்வரை இழுக்கும் அகார சாதகம் இதையே செய்கிறது. அதாவது மேடையில் முதல் ஷட்ஜத்தை அவசரப்படாமல் நீட்டிப் பிடித்தால் பாட்டே மருந்தாகிறது. பதற்றத்தில் இருப்பவர் முதலில் சுருக்குவதும் அதையே. அடுத்தது, பாணபத்திரரின் மனைவி காட்டிய வழி: மேடையை ஒத்திப் போடாமல் திரும்பத் திரும்ப ஏறுவது. சின்ன இடத்தில் தொடங்கி, உண்மையான அத்தை ஒருவரை முன்னால் உட்கார வைத்தே பாடிப் பழகுவது. பழகினால் அவர் தாளம் நிறுத்துவது தப்புக்காக அல்ல, புடவைத் தலைப்பைச் சரிசெய்ய என்று தெரியவரும்.

நோய் முழுதும் நீங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸை அது வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1901இல் கலிபோர்னியாவில் மலையிலிருந்து இறங்கும்போது பாறை உருண்டு அவர் இடக்கை விரல்களை நசுக்கியது. அந்தக் கணத்தில் தமக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, இனிமேல் வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். கை குணமானது, பிறகு எழுபதாண்டுக் காலம் நடுங்கியபடியே உலகமெங்கும் வாசித்தார்.

இறுதியாக, மேடையேறாமலே நோய் காண்பவர்கள். பாடும் பிள்ளையின் தாய், தந்தை, பாட்டு வாத்தியார் ஆகியோர் இவ்வகை. தாயின் உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசையும். வாத்தியாருக்கு விரல் சில்லிடும். தந்தை செல்போனில் படம் பிடிப்பதாகச் சொல்லி முகத்தை மறைத்துக்கொள்வார், படத்தில் தரைதான் பதிவாகியிருக்கும். பாடுபவருக்கு வர்ணம் உண்டு, பிளாஸ்க் உண்டு, மூச்சு உண்டு, இவர்களுக்கு ஒன்றுமில்லை. அரங்கில் இவர்களுக்குக் கதவோரமாக இடம் ஒதுக்குவதே இப்போதைக்குச் செய்யக்கூடியது. கடினமான இடம் நெருங்கும்போது எழுந்து வெளியே போய்விட்டு, கைதட்டல் கேட்டதும் உள்ளே வந்து, எப்படிப் பாடினாள் என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்க அது வசதியாக இருக்கும்.